450 வருஷமா ஒரு பிரபு குடும்பத்தோட சாமான் எப்படி மிஞ்சி நிக்குது? சாட்ஸ்வொர்த் வீட்டுக் கதை

கேட்டது ரெண்டு கேள்வி. இங்கிலாந்துல ட்யூக், ஏர்ல்னு பட்டம் இருக்கற குடும்பங்க வீட்டுல ரெம்ப்ராண்ட், வான் டைக்னு பெரிய ஓவியர்கள் படம் இன்னிக்கும் சுவர்ல தொங்குதே, பாகம் பிரியாம இத்தனை தலைமுறையா அது எப்படி ஒரே வீட்டுல நிக்குது? அப்புறம், அதெல்லாம் நம்மள மாதிரி நாடுகள்ல இருந்து அள்ளிட்டுப் போனதுதானா? பொதுப்படையா பதில் சொன்னா ஒண்ணும் மனசுல நிக்காது, அதனால எனக்கு நல்லா தெரிஞ்ச ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கறேன். டெவன்ஷயர் ட்யூக்குகள். குடும்பப் பேரு கேவெண்டிஷ். பட்டம்தான் டெவன்ஷயர், வீடும் நிலமும் முக்கியமா டெர்பிஷயர் மலைப்பக்கம், வீட்டோட பேரு சாட்ஸ்வொர்த். நான் ஷெஃபீல்டுல படிச்சப்ப பஸ் புடிச்சுப் போற தூரம்தான், எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கு வச்சுக்கல, அந்த வீட்டு சாமான்கள் மேல அப்ப புடிச்ச பைத்தியம் இன்னும் போகல.

முதல்லயே சொல்லிடறேன், எல்லாம் அப்படியே நிக்கல. தலைமுறைக்குத் தலைமுறை போயிருக்கு, அதுவும் இருக்கறதுலயே நல்லதா பாத்துப் போயிருக்கு, அது போனதாலதான் மிச்சம் நிக்குது. இதைப் புரிஞ்சுக்காம அந்த வீட்டுக்குள்ள நடந்தா ஏதோ பணக்காரங்க வீட்டு ஷோகேஸ் மாதிரிதான் தெரியும்.

ஆரம்பம் ஒரு பொம்பளை. ஹார்ட்விக் பெஸ்னு சொல்வாங்க, டெர்பிஷயர்ல சுமாரான வசதி உள்ள குடும்பத்துல பொறந்தவ, நாலு கல்யாணம், நாலு புருஷனும் இவளுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துட்டாங்க. ரெண்டாவது புருஷன் சர் வில்லியம் கேவெண்டிஷ். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைச்சு சொத்தைப் பறிமுதல் பண்ணினப்ப அந்த வேலையைப் பாத்த அதிகாரிகள்ல இவரும் ஒருத்தர், அதுல இவருக்கும் நிலம் சேந்துச்சு. அந்த நிலத்தையெல்லாம் வித்துட்டு தன்னோட சொந்த ஊர்ப்பக்கம் வாங்கலாம்னு பெஸ் சொல்ல, 1549ல சாட்ஸ்வொர்த்தை வாங்கினாங்க, 1552ல வீடு கட்ட ஆரம்பிச்சாங்க. நாலாவது புருஷன் ஷ்ரூஸ்பரி ஏர்ல், ஸ்காட்லாந்து ராணி மேரியை எலிசபெத் ராணி சிறை வச்சப்ப பல வருஷம் காவல் பாத்தவர் அவர்தான், மேரி சாட்ஸ்வொர்த்துலயும் காவல்ல இருந்திருக்கா. அந்தப் புருஷனோட சண்டை வந்து பிரிஞ்சு, அவரும் செத்ததுக்கு அப்புறம், வயசு அறுபதைத் தாண்டினவ, சாட்ஸ்வொர்த்துல இருந்து கொஞ்ச தூரத்துல 1590கள்ல ஹார்ட்விக்னு இன்னொரு மாளிகை கட்டினா, முழுக்க ஜன்னல் ஜன்னலா, இன்னிக்கும் அப்படியே நிக்குது.

அவ பண்ணினதுல எனக்கு ரொம்பப் பெரிசாத் தெரியறது வீடு கட்டினது இல்ல. 1601ல தன் உயிலோட சேத்து ஒரு சாமான் பட்டியல் எழுத வச்சா. எந்த ரூம்ல என்ன கட்டில், எத்தனை மெத்தை, என்ன திரை, எந்த மேஜை, எல்லாம் ரூம் ரூமா. இதெல்லாம் வீட்டோட சேந்தே இருக்கணும், வாரிசுங்க பத்திரமா பாத்துக்கணும்னு உயில்ல போட்டா. அந்தப் பட்டியல்ல கடல்நாய்னு ஒரு கற்பனை மிருகத்தோட உருவங்க தாங்கற மாதிரி செதுக்கி தங்கமுலாம் பூசி, பலகைல கல்லு பதிச்ச ஒரு மேஜை வருது. அந்த மேஜை இன்னிக்கும் ஹார்ட்விக்ல இருக்கு. 1601ல எவனோ ஒரு எழுத்தர் இறகுப் பேனாவால எழுதின வரியைப் படிச்சுட்டு நிமிர்ந்தா சாமான் எதுக்க நிக்கறது, எனக்குத் தெரிஞ்சு உலகத்துல ரொம்ப கொஞ்சம் வீட்டுலதான் முடியும்.

பட்டியல் மட்டும் போதாது, சட்டமும் வேணும். நம்ம பக்கம் அப்பா போயிட்டா அண்ணன் தம்பி உக்காந்து பாத்திரம் பண்டம் வரைக்கும் பாகம் பிரிப்பாங்க, வெள்ளிக் குத்துவிளக்கு ஒருத்தருக்கு, மரப்பெட்டி இன்னொருத்தருக்குன்னு மூணே தலைமுறைல காணாம போயிடும். இங்கிலாந்து பிரபுக்கள் நிலம், வீடு, பட்டம் எல்லாத்தையும் மூத்த மகனுக்கே குடுத்தாங்க. தம்பிங்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை, பொண்ணுங்களுக்கு சீதனம், அவ்வளவுதான். இதுல நியாயம் இல்ல, அதை நான் மறைக்க விரும்பல, தம்பி தங்கச்சிங்களை வெறுங்கையோட அனுப்பித்தான் இந்த மாதிரி கலெக்‌ஷன் சேந்துச்சு. அதோட நிக்காம அந்த மூத்த மகனையும் கட்டிப் போட்டாங்க. நம்ம ரிஜிஸ்டர் ஆபீஸ் பத்திரத்துல எழுதுவாங்களே, ஆயுள் வரைக்கும் அனுபவிச்சுக்கலாம், விக்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியதை கிடையாதுன்னு, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். மகனுக்கு 21 வயசு ஆனதும், இல்ல கல்யாணத்துக்கு முன்னாடி, அப்பாவும் மகனும் சேந்து அடுத்த தலைமுறைக்கு திரும்ப ஒரு பத்திரம் போட்டுருவாங்க, மகனுக்கு கைச்செலவுக்குப் பணம் வேணும், அதனால கையெழுத்து போட்டுருவான். இப்படி ஒவ்வொரு ட்யூக்கும் சொந்தக்காரன்னு பேரு, உண்மையில காவக்காரன். படம், சிலை, வெள்ளிப் பாத்திரம், நகை எல்லாத்தையும் குலச்சொத்துன்னு அந்தப் பத்திரத்துலயே சேத்துருவாங்க.

1882ல பார்லிமெண்ட் இந்தப் பூட்டைத் தளத்துச்சு. கோர்ட் அனுமதி வாங்கினா குலச்சொத்தை விக்கலாம், ஆனா பணம் டிரஸ்டிகள் கைக்குத்தான் போகணும்னு சட்டம் வந்துச்சு. அப்ப விவசாயம் படுத்துருந்துச்சு, அமெரிக்காவுல இருந்து கோதுமை வந்து எறங்கி நில வருமானம் சரிஞ்ச நேரம். அதே வருஷம் ஸ்காட்லாந்துல ஹாமில்டன் ட்யூக் வீட்டு சாமான் 17 நாள் ஏலம் போச்சு, கிட்டத்தட்ட 4 லட்சம் பவுண்டு. அந்த ஹாமில்டன் மாளிகையே இப்ப இல்ல, பிற்பாடு இடிச்சுட்டாங்க. கேவெண்டிஷ் குடும்பம் அன்னிக்குத் தப்பிச்சது நிலத்தோட அளவால.

சரி, சாமான் எப்படி சேந்துச்சுன்னு பாப்போம், இதுதான் ரெண்டாவது கேள்விக்கும் பதில். வாங்கினது பாதி, கல்யாணத்துல வந்தது கொஞ்சம், பதவியால வந்தது கொஞ்சம். பெஸ் வழில வந்த 4வது டெவன்ஷயர் ஏர்ல், 1688ல ஹாலந்துல இருந்து வில்லியம் ஆஃப் ஆரஞ்சை ராஜாவாக்க வரவழைச்ச கூட்டத்துல ஒருத்தர், அதுக்குப் பலனா 1694ல ட்யூக் ஆனார், பழைய வீட்டை இடிச்சு இப்ப இருக்கற சாட்ஸ்வொர்த்தைக் கட்டினவர் அவர்தான். அவர் மகன் 2வது ட்யூக்தான் என்னைப் பொறுத்த வரைக்கும் இந்தக் குடும்பத்துலயே கண்ணு உள்ள மனுஷன். அவர் சேத்தது முக்கியமா ஓவியர்களோட வரைபடங்கள், அதாவது பெரிய படம் போடறதுக்கு முன்னாடி பேனாவாலயும் சாக்கட்டியாலயும் காகிதத்துல போட்டுப் பாத்த கோட்டோவியங்க. 1723ல ராட்டர்டாம்ல ஃப்ளிங்க்னு ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு பெரிய கட்டு மொத்தமா வாங்கினார், இந்த ஃப்ளிங்கோட அப்பா ரெம்ப்ராண்டோட மாணவர். க்ளோட் லொரேன் தான் போட்ட ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிரதி வரைஞ்சு வச்ச ஆல்பம் ஒண்ணு உண்டு, தன் பேர்ல போலி வராம இருக்க அவர் வச்ச கணக்குப் புத்தகம் அது, அதுவும் சாட்ஸ்வொர்த்துக்கு வந்துச்சு.

4வது ட்யூக் பர்லிங்டன் ஏர்லோட மகளை 1748ல கல்யாணம் பண்ணினார், அந்தப் பொண்ணு ஒரே வாரிசு, அதனால சிஸிக் ஹவுஸ், அயர்லாந்துல லிஸ்மோர் கோட்டை, யார்க்‌ஷயர்ல போல்டன் ஆபி, கூடவே இனிகோ ஜோன்ஸ் வரைஞ்ச நாடக டிசைன்கள் எல்லாம் ஒரே கல்யாணத்துல வந்து சேந்துச்சு. அவர் ராஜாவோட அரண்மனை நிர்வாகத்துக்குத் தலைமை அதிகாரியாவும் இருந்தார். அந்தப் பதவிக்கு ஒரு வழக்கம், ராஜா செத்தா அவரோட சில சாமான்கள் இந்த அதிகாரிக்குப் போகும். அதனால 1760ல செத்த ரெண்டாம் ஜார்ஜோட கட்டில் சாட்ஸ்வொர்த்துக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் மூணாம் ஜார்ஜ் பட்டாபிஷேக நாற்காலிகளும் வந்துச்சு, போனா இன்னிக்கும் பாக்கலாம். சம்பளத்தோட சேத்து கட்டில் குடுக்கற வேலைன்னு அப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

6வது ட்யூக் கல்யாணமே பண்ணிக்கல, பணத்தை எல்லாம் சிலைக்கும் புத்தகத்துக்கும் செடிக்கும் கொட்டினார். ரோம்ல சிற்பி கனோவா கிட்ட நேரா சிலைக்கு ஆர்டர் குடுத்தார், தூங்கற எண்டிமியன் சிலை, காலடில நாய், அந்த வெள்ளை மார்பிளைப் பாத்தா மூச்சு விடற மாதிரி இருக்கும். அதுக்குன்னே ஒரு சிலை மண்டபம் கட்டினார். தோட்டத்துக்கு ஜோசஃப் பாக்ஸ்டன்னு ஒரு இளைஞரைப் புடிச்சு வந்தார், 1851ல லண்டன்ல கிரிஸ்டல் பேலஸ் கட்டினாரே அதே பாக்ஸ்டன். செடி சேகரிக்க கல்கத்தா வரைக்கும் ஆள் அனுப்பினாங்க. நம்ம ஊரோட உண்மையான தொடர்பு ஒண்ணு இங்க இருக்கு. மொரிஷியஸ் பக்கத்துல இருந்து வந்த ஒரு குட்டை வாழையை பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த் தோட்டத்துக் கண்ணாடி வீட்டுல வளத்து 1830கள்ல குலை தள்ள வச்சார், அதுக்கு ட்யூக்கோட குடும்பப் பேரையே வச்சாங்க, கேவெண்டிஷ். இன்னிக்கு தேனி பக்கம் ஜி9னு போட்டு கன்டெய்னர்ல ஏத்தறாங்களே, அதுவும் கேவெண்டிஷ் வகைதான். படம், சிலையெல்லாம் சேத்த குடும்பத்தோட பேரு கடைசில உலகம் பூரா போனது ஒரு வாழைப்பழத்தால.

இப்ப அள்ளிட்டுப் போனதா இல்லையான்னா, சாட்ஸ்வொர்த்தைப் பொறுத்த வரைக்கும் பெரும்பாலும் ஐரோப்பாவுலயே காசு குடுத்து வாங்கினது, காசு வந்தது மடத்து நிலம், குத்தகை, ஈயம், அப்புறம் ஸ்டாஃபர்ட்ஷயர்ல எக்டன்னு ஒரு செப்புச் சுரங்கம். அந்த நிலம் மதத்தோட சண்டை போட்டு ஒரு ராஜா புடுங்கினது, சுரங்கத்துல செத்தவன் கணக்கு யாரும் வைக்கல, அதனால சுத்தமான காசுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கொள்ளைன்னு நீங்க நினைக்கறது வேற வீடு. வேல்ஸ்ல பவிஸ் கோட்டைக்குப் போங்க, ராபர்ட் கிளைவோட வாரிசு வீடு. அவர் மகன் எட்வர்ட் கிளைவ் 1798ல இருந்து 1803 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர், 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தப்ப பதவில இருந்தவர். திப்புவோட கூடாரம், திப்பு சிம்மாசனத்து தங்கப் புலித்தலை ஒண்ணு, எல்லாம் அங்க கண்ணாடிக்குள்ள இருக்கு. அது வேற கதை, அதுக்குத் தனியா கோபப்படணும். எல்லா வீட்டையும் ஒரே தட்டுல வச்சா உண்மையா கொள்ளையடிச்சவன் கூட்டத்துல மறைஞ்சுக்குவான்.

இனி சாமான் போன கதை. 1894ல இங்கிலாந்துல எஸ்டேட் டூட்டி வந்துச்சு, ஒருத்தர் செத்தா அவர் சொத்து மேல வரி (நம்ம நாட்டுலயும் 1953ல இருந்து 1985 வரைக்கும் அதே பேர்ல இருந்துச்சு, பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும்). 8வது ட்யூக் 1908ல செத்தார், வரி கட்ட 1914ல நூலகத்துல இருந்து பெரிய வெட்டு. இங்கிலாந்தோட முதல் அச்சகக்காரர் காக்ஸ்டன் அச்சடிச்ச புத்தகங்க, கெம்பிள்னு ஒரு நடிகர் சேத்து வச்சிருந்த ஆயிரக்கணக்கான பழைய நாடக அச்சுப் பிரதிங்க, எல்லாம் கலிஃபோர்னியா பணக்காரர் ஹன்டிங்டன் வாங்கிட்டார். இப்ப அது அவர் பேர்ல உள்ள லைப்ரரில இருக்கு. முதல் உலகப்போர்ல நிலக்கரி பஞ்சம், பாக்ஸ்டனோட பெரிய கண்ணாடி வீட்டுக்கு சூடு போட முடியாம உள்ள இருந்த செடியெல்லாம் செத்துப் போச்சு, 1920ல வெடி வச்சு தகர்த்தாங்க. லண்டன்ல பிக்கடில்லில இருந்த டெவன்ஷயர் ஹவுஸ் வித்து, 1924ல இடிஞ்சுது. 1929ல சிஸிக் ஹவுஸ் போச்சு.

பெரிய அடி அதுக்கப்புறம்தான். 10வது ட்யூக்கோட மூத்த மகன் பில்லி, 1944 மே மாசம் கேத்லீன் கென்னடியைக் கல்யாணம் பண்ணினார், ஆமா, அமெரிக்க ஜனாதிபதி கென்னடியோட தங்கச்சிதான். நாலு மாசத்துல, செப்டம்பர்ல, பெல்ஜியத்துல துப்பாக்கிச் சூட்டுல பில்லி செத்துட்டார். 1948ல கேத்லீனும் விமான விபத்துல போயிட்டா, சாட்ஸ்வொர்த் பக்கத்துல எடென்சர் கிராமத்துக் கல்லறைலதான் அவளைப் புதைச்சிருக்கு. ரெண்டாவது மகன் ஆண்ட்ரூ இதையெல்லாம் எதிர்பாத்தவரே இல்ல. அப்பா என்ன பண்ணினார்னா 1946ல சொத்தையெல்லாம் ஒரு டிரஸ்ட் மாதிரி ஏற்பாட்டுக்கு மாத்தினார், மாத்தினதுக்கு அப்புறம் 5 வருஷம் உயிரோட இருந்தா வரி கிடையாது. 1950 நவம்பர் 26ஆம் தேதி ஈஸ்ட்போர்ன்ல விறகு வெட்டிக்கிட்டு இருந்தவர் அப்படியே சுருண்டு விழுந்து செத்தார், வயசு 55. இன்னும் சில மாசம் இருந்திருந்தா போதும். வரி 80 சதவீதம்.

ஆண்ட்ரூவும் அவர் மனைவி டெபோராவும் முப்பது வயசுல அந்தக் கணக்கு முன்னாடி உக்காந்தாங்க. வீடு வேற போர்க்காலத்துல ஒரு பொண்ணுங்க ஸ்கூலுக்குக் குடுத்திருந்தாங்க, வேல்ஸ்ல இருந்து பென்ரோஸ் காலேஜ் பிள்ளைங்க சுமார் 300 பேர், ஓவியமெல்லாம் சுத்தி வச்ச பெரிய ஹால்கள்ல வரிசையா கட்டில் போட்டுத் தூங்கினாங்க. பட்டாளத்தை விட பொண்ணுங்க வீட்டை நல்லா பாத்துக்குவாங்கன்னு 10வது ட்யூக் போட்ட கணக்கு அது, சரியா போச்சு. போர் முடிஞ்சு வீடு அழுக்கும் இருட்டுமா கிடந்தப்ப துடைச்சு நிமித்தினது ஹங்கேரில இருந்து வந்த ரெண்டு அக்கா தங்கச்சி, அவங்க கூட்டிட்டு வந்த அகதிப் பொண்ணுங்க. இந்த மாதிரி ஆளுங்க பேரு எந்தப் படத்துக்குக் கீழயும் இருக்காது, ஆனா 1949ல வீட்டை மறுபடி ஜனங்களுக்குத் திறந்தது அவங்க கையால.

வரியை எப்படி கட்டினாங்க? ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் வித்தாங்க, ஹார்ட்விக் மாளிகையை உள்ள இருக்கற சாமானோட அரசாங்கத்துக்கே குடுத்தாங்க, 1959ல அது பழைய மாளிகைகளைப் பராமரிக்கற நேஷனல் டிரஸ்ட்ங்கற அறக்கட்டளை கைக்குப் போச்சு. வரிக்குப் பதிலா கலைப்பொருளையே அரசாங்கம் வாங்கிக்கலாம்னு 1950கள்ல சட்டத்தை விரிச்சிருந்தாங்க, அந்த வழியில போனதுங்களை எழுதறப்பவே கை கனக்குது. மெம்லிங்கோட மூணு மடிப்புப் பலகை ஓவியம், ரெம்ப்ராண்டோட கிழவர் படம், ரெண்டும் நேஷனல் கேலரிக்கு. 10ஆம் நூற்றாண்டுல வின்செஸ்டர்ல தங்க மைல எழுதின செயின்ட் ஏதல்வோல்டோட ஆசீர்வாதப் புத்தகம், இப்ப பிரிட்டிஷ் லைப்ரரில. 15ஆம் நூற்றாண்டு வேட்டைத் திரைச்சீலைகள் நாலு, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல ஒரு ரூமையே நிறைக்குது. மேல சொன்ன க்ளோட் லொரேன் ஆல்பம், பிரிட்டிஷ் மியூசியத்துக்கு. கூடவே ஒரு வெண்கலத் தலை, அப்போலோ, கிறிஸ்து பொறக்கறதுக்கு 460 வருஷம் முன்னாடி வார்த்தது. 1836ல சைப்ரஸ்ல தமாஸோஸ் பக்கத்துல முழு சிலையா கிடைச்சுது, கண்டுபுடிச்ச கிராமத்து ஜனங்க மாட்டு வண்டில இழுத்தப்ப துண்டு துண்டா ஒடஞ்சு போச்சு, தலையை மட்டும் 6வது ட்யூக், இப்ப துருக்கில இருக்கற ஸ்மிர்னால வாங்கினார். அந்தத் தலையை பிரிட்டிஷ் மியூசியத்துல இன்னும் சாட்ஸ்வொர்த் அப்போலோன்னுதான் கூப்பிடறாங்க.

அந்த 80 சதவீத வரி அநியாயம்னு இங்கிலாந்துல இன்னிக்கும் நிறைய பேர் எழுதுவாங்க. எனக்கு அப்படித் தோணல. அந்த வரி இல்லன்னா மெம்லிங் ஒரு தனி வீட்டு ரூம்ல இருந்திருக்கும். இப்ப லண்டன்ல இறங்கற எவனும், நான் மாணவனா கைல காசு இல்லாம போன மாதிரி, டிக்கெட் இல்லாம போய் எதுக்க நின்னு பாக்கலாம். சேத்ததுக்கு அந்தக் குடும்பத்தை எவ்வளவு மதிக்கறேனோ, எடுத்துக்கிட்டதுக்கு அந்த சட்டத்தையும் அவ்வளவு மதிக்கறேன்.

எனக்கு மனசு ஆறாதது 1984. வரி பாக்கி இல்ல, வீட்டைப் பராமரிக்க மூலதனம் வேணும். கூரையே 1.3 ஏக்கர், அதுல ஈயத் தகடு மாத்தறதுக்கே ஒரு தலைமுறை சம்பாத்தியம் போகும், அதனால தேவை உண்மையானதுதான். ஏற்கனவே 1981ல ஒரு பூஸான் ஓவியத்தை வித்து அந்தப் பணத்தை வச்சு சாட்ஸ்வொர்த் ஹவுஸ் டிரஸ்ட்னு அறக்கட்டளை ஆரம்பிச்சிருந்தாங்க, அது நல்ல ஏற்பாடு, வீடு இப்ப அந்த டிரஸ்ட் கிட்ட நீண்டகாலக் குத்தகைல இருக்கு, குடும்பம் உள்ள தங்க டிரஸ்டுக்கு வாடகை குடுக்குது. ஆனா அடுத்து 2வது ட்யூக் சேத்த வரைபடங்கள்ல 71 எடுத்து விக்க நினைச்சாங்க. முதல்ல பிரிட்டிஷ் மியூசியத்தோட பேசினாங்க, விலை ஒத்து வரல, பேச்சு முறிஞ்சுது. கிறிஸ்டீஸ் ஏலத்துல போட்டாங்க, 2 கோடி பவுண்டுக்கு மேல போச்சு. ஒரே கண்ணால பாத்து சேத்த கட்டு ஒரே ஏலத்துல உலகம் பூரா சிதறிடுச்சு. 2012ல ரஃபேலோட இளம் அப்போஸ்தலர் தலை ஒண்ணு, கருப்பு சாக்கட்டில போட்டது, சாதபீஸ்ல 2 கோடியே 97 லட்சம் பவுண்டு போச்சு. ஒரு காகிதம்! 300 வருஷத்துக்கு முன்னாடி அதை எடுத்து வச்சவரோட கண்ணைத்தான் அன்னிக்கு அந்த விலை சொல்லுச்சு.

இதுக்கு நடுவுல 2010ல நடந்தது ஒண்ணு எனக்கு ரொம்பப் புடிக்கும். பரண்ல, லாயத்துல, மூடி வச்ச ரூம்கள்ல கிடந்த சாமான், இடிஞ்சு போன வீடுகள்ல இருந்து கழட்டிட்டு வந்த கணப்பு அடுப்புக் கல்லு, கதவு, ஷட்டர், வண்டி, ஓட்டைப் பாத்திரம்னு சுமார் 20,000 பொருள், சாட்ஸ்வொர்த் புல்வெளிலயே கூடாரம் போட்டு ஏலம் விட்டாங்க, 65 லட்சம் பவுண்டு. 1924ல இடிச்ச டெவன்ஷயர் ஹவுஸோட கணப்புக் கல்லு அத்தனை வருஷம் பரண்ல படுத்திருந்திருக்கு, தூக்கிப் போட யாருக்கும் மனசு வரல. எந்த வீட்டுப் பரணுக்கும் இதே கதைதானே.

போனது திரும்பி வந்ததும் உண்டு. 5வது ட்யூக்கோட மனைவி ஜார்ஜியானா, அந்தக் காலத்து லண்டனே அவ தொப்பியைப் பாத்து தொப்பி போட்டுச்சு. கெயின்ஸ்பரோ அவளைப் பெரிய கருப்புத் தொப்பியோட வரைஞ்சார். படம் எப்படியோ குடும்பத்தை விட்டுப் போய், 1841ல ஒரு வயசான டீச்சரம்மா வீட்டுல கிடைச்சுது, கணப்புக்கு மேல மாட்டறதுக்கு இடம் பத்தலன்னு அந்தம்மா கீழ்ப்பக்கத்தை வெட்டியிருந்தாங்க. 56 பவுண்டுக்கு வித்தாங்க. 1876ல ஏலத்துல 10,000 கினிக்கு (கினின்னா பவுண்டை விடக் கொஞ்சம் அதிகம்) மேல போய், வாங்கின ஆக்னியூங்கற ஓவிய வியாபாரி கடைல ஊரே வரிசைல நின்னு பாத்துக்கிட்டு இருந்தப்ப, ஒரு ராத்திரி ஆடம் வொர்த்னு ஒரு திருடன் ஜன்னல் வழியா ஏறி சட்டத்துல இருந்து அறுத்துச் சுருட்டிட்டுப் போயிட்டான். விக்கல, 25 வருஷம் கூடவே வச்சிருந்தான், 1901ல சிகாகோல திருப்பிக் குடுத்தான். அப்புறம் ஜே.பி. மார்கன் வாங்கி அவர் குடும்பத்துல இருந்துச்சு. 1994ல ஏலத்துக்கு வந்தப்ப 11வது ட்யூக், அந்த ஆண்ட்ரூதான், சுமார் 4 லட்சம் டாலருக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தார். வரி கட்டறதுக்காக மெம்லிங்கைக் குடுத்தவர், வெட்டுப்பட்டு திருடுபோய் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் வந்த ஒரு குடும்பத்துப் பொம்பளை படத்தை வயசான காலத்துல திரும்பக் கூட்டிட்டு வந்தார்.

நீங்க போறதா இருந்தா சாட்ஸ்வொர்த்துல கூட்டத்தோட கூட்டமா நடக்காம மியூசிக் ரூம்ல பாதி திறந்த கதவுக்குப் பின்னாடி ஒரு வயலின் தொங்கறதை நின்னு பாருங்க, கைய வச்சாத்தான் அது ஓவியம்னு தெரியும், கைய வைக்க விடமாட்டாங்க. வான் டெர் வார்ட் போட்டது. ஆனா ஒரே ஒரு நாள்தான் இருக்குன்னா ஹார்ட்விக் போங்க. 9வது ட்யூக்கோட விதவை ஈவ்லின், வீடு நேஷனல் டிரஸ்டுக்குப் போனதுக்கு அப்புறமும் அங்கயே இருந்து, 1960ல சாகற வரைக்கும், பழைய திரைச்சீலைகளை ஊசி நூல் வச்சு தைச்சுக்கிட்டு இருந்தாங்க. மேல் மாடில நீள மண்டபத்துல பைபிள்ல வர்ற கிதியோன் கதை நெய்த 13 திரைச்சீலை தொங்குது, கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரம், மொத்த நீளம் 70 மீட்டருக்கு மேல. முதல்ல சர் கிறிஸ்டஃபர் ஹாட்டன்னு ஒரு மந்திரி 1578ல நெய்ய வச்சது, அவர் கடனோட செத்துட்டார், 1592ல பெஸ் வாங்கினா, 326 பவுண்டு 15 ஷில்லிங் 9 பென்ஸ். துணில ஹாட்டனோட குடும்பச் சின்னம் நெய்திருக்கே, அதை மாத்தற செலவு எனக்குத்தானேன்னு பேரம் பேசி விலையைக் குறைச்சா. அப்புறம் அந்தச் சின்னத்து மேல தன்னோட சின்னத்தை வரைஞ்ச துணியை ஒட்டி தைக்க வச்சா, ஹாட்டனோட சின்னத்துல இருந்த பெண்மானுக்குக் கொம்பு போட்டு கேவெண்டிஷ் கலைமானா ஆக்கினா. நேஷனல் டிரஸ்ட் ஒவ்வொண்ணா எறக்கி, துவைச்சு, இழை இழையா தைச்சு, 24 வருஷம் வேலை பாத்து, 17 லட்சம் பவுண்டு செலவு பண்ணி 2023ல கடைசித் திரையை மாட்டி முடிச்சாங்க. கிட்ட போய்ப் பாருங்க, அந்தக் கொம்பு இன்னும் இருக்கு.